பதினோரு குடைக் கடற்கரை

நீவெஸ் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். வட இத்தாலியின் சஸ்ஸுவோலோ ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பிரித்தவள் அவள். சூளையை விட்டு வரிசையாக நகர்ந்து வரும் டைல்ஸைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிற வேலை. மயிரிழை விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. முதலாளியின் மருமகன் ஒருமுறை நேரில் வந்து, "கொஞ்சம் கண்ண மூடிக்கயேன் நீவெஸ், கப்பல் காத்துக்கிட்டு நிக்குது" என்று கெஞ்சினான். "கண்ண மூடிக்கவா எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். கப்பல் இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பியது.

அதே தொழிற்சாலையில் சூளை பார்த்தவர் அவள் கணவர் ஒரியானோ. அதிகம் பேசாத மனிதர். இவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு தும்மல் போடுவார், அதுதான் பதில். ஒரே மகள் காத்யா, பக்கத்து நகரமான மொடெனாவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கும் வந்திருந்தது. வந்த இடத்தில் அது இன்னும் கொஞ்சம் கூர்மையாகியிருந்தது.

ஆகஸ்டில் தொழிற்சாலை மூன்று வாரம் மூடும். மூடிய மறுநாள் ஊரே காரிலும் ரயிலிலும் ஏறும். எங்கே போகிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை, எல்லோருக்கும் ரொமாஞ்ஞாக் கடற்கரைதான். அங்கே கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், ஒரு குடைக்காரர். அறுபத்திரண்டாம் கரை லெயார்கோவுடையது. அதில் மூன்றாம் வரிசை, நாற்பத்தேழாம் குடை, முப்பத்தெட்டு வருஷமாக நீவெஸ் குடும்பத்துடையது. முதல் வரிசைக்கு ஆசைப்பட்டுப் பிரயோசனமில்லை. அது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது, யாராவது வாரிசில்லாமல் செத்தால்தான் உண்டு. பக்கத்துக் குடையில் பார்மா ஊர்க்காரர்கள், தெயன்னாவும் இவோவும். இவோவின் குறட்டையும் தெயன்னாவின் கர்ப்பப்பை ஆபரேஷனும் நீவெஸுக்கு அத்துப்படி. எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் ஒரு பிள்ளை தண்ணீரில் கால் வைத்தால் பத்துத் தாய்மார்கள் ஒன்றாகக் கத்துவார்கள். தொலைந்த பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் கரை நெடுக வாசிப்பார்கள். இதற்குப் பெயர்தான் விடுமுறை என்று நீவெஸ் நினைத்திருந்தாள். வேறு ஒன்றை அவள் பார்த்ததில்லை.

ஒரியானோவுக்கு எழுபது வயது தாண்டியபின் ஞாபகம் நழுவத் தொடங்கியது. முதலில் சாவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பிறகு சில நாட்களில் தன் வீட்டு மாடிப்படி. டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நீவெஸ் அதைக் கேட்டுக்கொண்டாள், வீட்டில் ஒருநாளும் உச்சரிக்கவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில் அது நடந்தது. காலையில் பத்திரிகை வாங்கப் போன ஒரியானோ திரும்பும்போது அறுபத்திரண்டில் திரும்பாமல் எழுபத்தொன்றில் திரும்பிவிட்டார். அங்கேயும் மூன்றாம் வரிசை இருந்தது, அங்கேயும் நாற்பத்தேழாம் குடை இருந்தது. குடை பச்சை. 'லெயார்கோ இந்த வருஷம் நிறம் மாத்திட்டான் போலிருக்கு' என்று எண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அங்கே இருந்த பெர்கமோ ஊர்க் குடும்பத்தைப் பார்த்து, "நீங்க எங்க எடத்துல உக்காந்திருக்கீங்க. பரவால்ல, இருங்க, என் சம்சாரம் வந்தா நான் சொல்லிக்கறேன்" என்று தாராளமாகச் சொன்னார். அவர்கள் நல்ல மனிதர்கள், தர்பூசணி வெட்டிக் கொடுத்தார்கள். இங்கே நீவெஸ் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தாள். எங்கு பார்த்தாலும் குடை, குடைக்குள் வெள்ளைத் தலை, வெள்ளைத் தலையெல்லாம் ஒரியானோ. ஒரு மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி பேசியது: "ஒரியானோ, நீலக் கால்சட்டை, வயசு எழுபத்து நாலு. பெற்றோர் எழுபத்தொன்றாம் கரைக்கு வரவும்." வாசிக்கிற பெண் வழக்கமான வாசகத்தையே வாசித்துவிட்டாள். கரை முழுக்கச் சிரித்தது. நீவெஸ் போய்ச் சேர்ந்தபோது உயிர்காக்கும் பையன் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

தெயன்னா அன்று சாயங்காலமே காத்யாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அந்தப் புண்ணியவதி அதையும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, போதும்," என்றாள் காத்யா. "அடுத்த வருஷம் ஆகஸ்ட் முழுக்க அப்பா முதியோர் இல்லத்துல இருக்கட்டும். நீ ஓய்வெடு. அதுக்கப்புறம் அங்கயே இருக்கறதப் பத்தியும் யோசிக்கணும்."

"கடல் பாக்காம ஒரு ஆகஸ்ட்டா? அவருக்கா?"

"இருபதாயிரம் பேருக்கு நடுவுல அப்பாவ மறுபடியும் தொலைக்கப் போறியா?"

"ஆள் இல்லாத கரையாப் பாத்துப் போறேன்."

"ஆகஸ்ட்ல, இத்தாலியில, ஆள் இல்லாத கரை!" காத்யா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "சரி. கண்டுபிடி. பத்து நாள் போயிட்டு வாங்க. ஆனா அம்மா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவர் உன் கைய விட்டுப் போனாருன்னா, செப்டம்பர்ல இல்லம். நடந்தத எங்கிட்ட மறைக்கக் கூடாது. வார்த்த குடு."

நீவெஸ் வார்த்தை கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கரை தேடினாள். மருந்துக்கடைக்காரர் ஓர் ஊர் சொன்னார், முடிதிருத்துகிறவள் ஓர் ஊர் சொன்னாள், பயண ஏற்பாட்டுக் கடையில் ஒரு பெண் பளபளக்கும் புத்தகத்தைப் புரட்டி, "இது இன்னும் யாருக்கும் தெரியாது, சிஞ்ஞோரா" என்று மரியாதையாகச் சொன்னாள். யாருக்கும் தெரியாத ஊரைப் புத்தகத்தில் எப்படிப் போட்டாய் என்று கேட்டுவிட்டு நீவெஸ் வெளியே வந்தாள். அமைதியான ஊர் என்று சஸ்ஸுவோலோவில் மூன்று பேர் சொன்னால் ஆகஸ்டில் சஸ்ஸுவோலோவே அங்கே இருக்கும். ஆகவே அவள் வரைபடத்தை மேசையில் விரித்து, ரொமாஞ்ஞாவுக்குத் தெற்கே ரயில் நிற்கிற சின்னச் சின்ன ஊராகப் பார்த்து, அங்கங்கே இருக்கும் காப்பிக் கடைகளுக்குப் போன் போட்டாள். கேட்டது ஒரே கேள்வி: "உங்க கரையில எத்தன வரிச குடை?"

பன்னிரண்டு என்றார்கள். இருபது என்றார்கள். ஒருவன் பெருமையாக முப்பது என்றான். மார்ச் மாதத்தில் ஒருநாள், மொலீசே மாநிலத்தில், தெர்மோலி நகரத்தைத் தாண்டிய சாந்தா ஃபிலொமேனா என்ற ஊரில் ஒரு பெண்குரல் சிரித்தது.

"வரிசையா? இங்க வரிச எல்லாம் கெடையாது, சிஞ்ஞோரா. மொத்தம் பதினோரு குடை. காத்து அடிச்சா ஒம்பது."

"மீதி ரெண்டு?"

"பறந்து போயிரும். அப்புறம் பொறுக்கிட்டு வருவோம்."

நீவெஸ் அங்கேயே இரண்டு பேருக்கு அறை சொல்லிவிட்டாள். காத்யாவிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "மொலீசேயா? அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கறாங்களே!" என்று நாடே சொல்கிற கேலியை அவளும் சொன்னாள். "இல்லாத ஊருல கூட்டமும் இருக்காது" என்றாள் நீவெஸ்.

கஷ்டமாக இருந்தது லெயார்கோவுக்குச் சொல்வதுதான். ஈஸ்டருக்குள் சொல்லாவிட்டால் குடை அடுத்த ஆளுக்குப் போய்விடும், அது அங்கே எழுதாத சட்டம். லெயார்கோ, "நாப்பத்தேழ யாருக்குக் குடுக்கறது நீவெஸ்? எனக்குக் கை வரலியே" என்றார். தெயன்னா போனை எடுக்கவே இல்லை. முப்பத்தெட்டு வருஷப் பக்கத்துக் குடை போவது விவாகரத்து மாதிரிதான், யாரைக் குறை சொல்ல?

ஆகஸ்ட் முதல் வாரம் ரயிலேறினார்கள். வழக்கமாகக் கடற்கரைக்கு இறங்குகிற ரிமினியில் வண்டி நின்றதும் ஒரியானோ எழுந்து பையை இறக்கினார்.

"நம்ம ஸ்டேஷன் வந்துருச்சு. எறங்கு."

"இல்ல ஒரியானோ, இன்னும் கொஞ்சம் போகணும்."

"இதான் நம்ம ஸ்டேஷன்." அவர் குரல் உயரவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல் அது. நீவெஸ் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது. அவர் உட்கார்ந்து, நடைமேடை மறையும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், ஆனால் அவள் கை அவர் சட்டையை அங்கோனா ஸ்டேஷன் வரை விடவில்லை.

சாந்தா ஃபிலொமேனாவில் போனில் சிரித்த பெண் எதிரே வந்தாள். இன்கொரொனாத்தா, ஐம்பது வயது, கரையோரம் ஒரு காப்பிக் கடையும் அதன் மாடி அறைகளும் அந்தப் பதினோரு குடையும் அவளுடையவை. பையை வாங்கிக்கொண்டே, "வடக்கேர்ந்து இவ்வளவு தூரம் வந்தவங்க நீங்கதான் சிஞ்ஞோ. வழி தப்பி வந்தவங்கள நான் கணக்குல சேக்கறதில்ல" என்றாள், அந்தப் பக்கத்து வழக்கப்படி சிஞ்ஞோராவைப் பாதியில் விழுங்கி.

கடல் அதே கடல்தான். ஆனால் கரை! இந்தக் கோடியிலிருந்து ஆறு கடலில் சேரும் அந்தக் கோடி வரைக்கும் வெறும் மணல். கடைக்கு முன்னால் பதினோரு குடை, அதில் நாலுக்குத்தான் ஆள். நீவெஸுக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரியானோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

"நம்ம வரிச எது?"

"வரிச இல்ல ஒரியானோ. எங்க வேணா உக்காரலாம்."

அவர் உட்காரவில்லை. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். "எல்லாரும் எங்க போயிட்டாங்க? யாராவது செத்துட்டாங்களா?"

கால் கடுக்கிறவரை நின்றார். பிறகு பையில் துண்டை மடித்து வைத்தார். "செப்டம்பர் ஆயிருச்சு போல. எல்லாரும் கெளம்பிட்டாங்க. வா, வீட்டுக்குப் போலாம்."

இது ஒருநாள் கூத்தல்ல. தினமும் காலையில் வருவார், நிற்பார், செத்தது யார் என்று கேட்பார், பையைக் கட்டுவார். நீவெஸ் கையைப் பிடித்து உட்கார வைப்பாள், பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். நாலாம் நாள் அவள் குடைக்கம்பத்தில் சாய்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதாள். கூட்டம்தான் அவருக்குப் பகை என்று எண்ணி இவ்வளவு தூரம் இழுத்து வந்தாளே! ஞாபகம் போன மனிதருக்கு அந்த வரிசையும் எண்ணும் இவோவின் குறட்டையும்தான் பிடிமானமாக இருந்திருக்கின்றன. இருந்த பிடிமானத்தையும் அவளே அவிழ்த்துவிட்டாளோ?

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் காத்யா போன் செய்வாள். "அப்பா எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "என் பக்கத்துல" என்று நீவெஸ் சொல்வாள். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் சொல்ல அவளுக்கு எதுவும் இல்லை.

யாருக்கும் தெரியாமல் அழுததாக அவள் நினைத்தாள், ஆனால் இன்கொரொனாத்தா கடையின் ஜன்னல் கடலைப் பார்த்த ஜன்னல். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் விடிந்ததும் அவளே பதினோரு குடையையும் பிடுங்கி, முன்னால் நாலு, நடுவில் நாலு, பின்னால் மூன்று என்று நட்டு வைத்தாள். "இந்தாங்க, மூணாவது வரிச" என்று நீவெஸிடம் காட்டினாள். ஒரியானோ வந்து பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தும்விட்டார். நீவெஸ் மூச்சு விட்டாள். அதற்குள் மலைமேல் இருக்கும் காம்போபாஸ்ஸோ ஊர்க்காரர் தோத்தோவின் குடும்பம் வந்தது.

"இன்கொரொனா, என்ன இது? என் குடைய ஏன் பின்னால தள்ளி வச்சிருக்க?"

"இன்னிக்கு ஒரு நாள் இருங்களேன், தோத்தோ."

"முன்னால இத்தன மணல் கெடக்க, இன்னொருத்தன் முதுகப் பாத்துக்கிட்டு உக்காரவா நான் மலையிலேர்ந்து எறங்கி வந்தேன்?" என்று அவர் குடையைப் பிடுங்கித் தண்ணீரோரம் நட்டார். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று வரிசையும் கலைந்து கிடந்தன. ஒரியானோ எழுந்து பையைக் கட்டினார்.

"எங்க ஆளுங்கள வரிசையில உக்கார வைக்க அந்த ஆண்டவனாலயும் ஆகாது, சிஞ்ஞோ," என்றாள் இன்கொரொனாத்தா. உண்மையிலேயே அவளுக்கு வருத்தம். நீவெஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஏழாம் நாள். முற்பகல். நீவெஸ் ஒரு பை பீச் பழம் வாங்கி வந்திருந்தாள். ஒரியானோ நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். "பழம் கழுவிட்டு வந்துர்றேன்" என்று அவர் காதில் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் குழாயில் அதைக் கழுவிக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று போனாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

அவள் கண் பழக்கதோஷத்தில் குடை குடையாகத் தாவியது. பதினொன்றையும் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எதிலும் அவர் இல்லை. போச்சு, செப்டம்பர், இல்லம், எல்லாம் அந்த நொடியில் அவள் கண்முன் வந்து நின்றது. அப்புறம்தான் பார்த்தாள். இடது பக்கம், தண்ணீரோரமாக, வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. ஆறு இருக்கிற திசையில் நடந்துகொண்டிருந்தார்.

அவள் வலது முழங்கால் சமதரையிலேயே மக்கர் பண்ணும், மணலில் எங்கே ஓட? "இன்கொரொனா!" என்று கத்தினாள். அவள் ஸ்கூட்டர் சாவியோடு ஓடி வந்தாள்.

"நான் போயி இழுத்துக்கிட்டு வந்துர்றேன், சிஞ்ஞோ."

போ என்று சொல்ல நீவெஸ் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. போன வருஷம் அந்தப் பையன் கையைப் பிடித்து வைத்திருந்தபோது அழுத முகம் அவளுக்கு முன்னால் வந்தது. அதோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அவர் போகிறார், ஆனால் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. தலை முதல் கால் வரை தெரிகிறார். நடுவில் மறைக்க ஒரு குடை இல்லை, ஓர் ஆள் இல்லை.

"கொஞ்சம் பொறு," என்றாள். "இழுத்தா பயந்துருவாரு. ஆத்துல எவ்வளவு தண்ணி?"

"இந்த மாசம் கணுக்கால் அளவுதான். நடுவுல மட்டும் பள்ளம். அவர் கால வச்சாருன்னா நான் உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன், கெளம்பிருவேன்."

"அப்பக் கெளம்பு. அது வரைக்கும் பொறு."

இன்கொரொனாத்தா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டு வைத்தாள். நீவெஸ் கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. அவர் ஒரு குடும்பத்தைக் கடந்தார். அவர்களுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னது தெரிந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். மறுபடி நடந்தார். சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கடைசியில் ஆற்றின் கழிமுகத்துக்குப் போய் நின்றுவிட்டார். நீவெஸ் பிறந்து வளர்ந்தது செங்கொடி ஊர். காத்யாவின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காதவள். அன்றைக்கு எந்தப் புனிதரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஊர்ப் பெயரில் இருந்த அந்த ஃபிலொமேனாவையே கூப்பிட்டாள்.

ஒரியானோ குனிந்தார். செருப்பைக் கழற்றினார். இன்கொரொனாத்தா வண்டியைக் கிளப்பினாள்.

"இரு!"

செருப்பை உதறினார். மணல் போக நன்றாக உதறி, மறுபடி காலில் மாட்டிக்கொண்டார். திரும்பினார்.

வரும்போது அவர் அவசரப்படவில்லை. தூண்டில்காரனைக் கடந்தார். அந்தக் குடும்பத்தின் ஆள் ஏதோ சொல்லி உட்காரக் கூப்பிட்டார், இவர் தலையசைத்துவிட்டு வந்தார். ஆள் இல்லாத குடைகள் ஏழு நின்றன, ஒவ்வொன்றையும் பார்த்தார், எதிலும் உட்காரவில்லை. நேரே வந்து நீவெஸின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். அவர் கண்ணைப் பார்த்ததுமே, தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வை வீட்டில் நாலைந்து முறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். இங்கே போவதற்குச் சமையலறை இல்லை.

"மன்னிக்கணும், சிஞ்ஞோரா. இங்க உக்கார யாராவது வர்றாங்களா?"

"இல்ல."

"உக்காந்துக்கலாமா?"

"உக்காருங்க," என்றாள். ஐம்பது வருஷத்தில் அவரிடம் நேருக்கு நேர் அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் துண்டை உதறி, அவள் துண்டை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் விரித்தார். கால் நீட்டி உட்கார்ந்தார். பையைக் கட்டும் எண்ணமே இல்லாதவர்போல் கடலைப் பார்த்தார். நீவெஸும் உட்கார்ந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது, இருந்தாலும் கேட்டாள்.

"இவ்வளவு எடம் காலியாக் கெடக்கு. இங்க வந்து உக்காரணும்னு எப்படித் தோணிச்சு?"

அவர் யோசித்தார். வாயால் பதில் சொல்லியே பழக்கமில்லாதவர், நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கோடி வரைக்கும் போயிப் பாத்தேன். அங்க ஒண்ணும் இல்ல. நீங்க இங்க நிக்கிறது அங்கேர்ந்தே தெரிஞ்சுது. இவங்க பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு பட்டுது." சட்டென்று அவர் முகம் சிவந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க, சிஞ்ஞோரா. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"அப்படியா? எங்க அவங்க?"

"வருவா. பழம் கழுவப் போயிருக்கா."

நீவெஸின் மடியில் ஈரப்பழங்கள் இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இரண்டும் ஒரே வாயில்தான் வந்தன. ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டையை எடுத்துவிட்டு, பாதியை அவரிடம் நீட்டினாள். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நாற்பத்தேழாம் குடையில் அவர் இருந்தது அது நாற்பத்தேழாம் குடை என்பதால் என்றுகூடச் சொல்லலாம். இந்தக் கரையில் அப்படிச் சொல்ல முடியாது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு மனம் நிறைந்து வழிந்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா எங்க?"

"பக்கத்துல. ஆனா காத்யா, இன்னிக்கு என் கைய விட்டுப் போயிட்டாரு."

நீவெஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. பழம் கழுவப் போனது, நாற்காலி காலியாக இருந்தது, ஆற்றோரம் அவர் செருப்பைக் கழற்றியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். பாத்துக்கிட்டே நின்னேன்."

"அப்புறம் யாரு போயிக் கூட்டிட்டு வந்தா?"

"யாரும் போகல. அவரே வந்தாரு. நான் யாருன்னு தெரியாமத்தான் வந்தாரு, காத்யா. கரையே காலியாக் கெடக்கு. எம் பக்கத்துல வந்து உக்காரலாமான்னு கேட்டாரு." அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "வார்த்த குடுத்தேன், சொல்லிட்டேன். இனிமே நீ சொல்றதுதான்."

காத்யா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் அடுத்தவர் வலியைக் குறித்துக்கொள்கிற பெண், அவளுக்கு அழுகை சுலபத்தில் வராது.

"செப்டம்பர் பேச்ச செப்டம்பர்ல பேசிக்கலாம்," என்றாள் கடைசியில். "இன்னும் மூணு நாள் இருக்கில்ல? நாளைக்குக் காலைல வண்டிக்கு நான் அங்க வர்றேன். எடம் இருக்குமா?"

"எடத்துக்கா பஞ்சம்?"

போனை வைத்ததும் ஒரியானோ திரும்பிப் பார்த்தார். "யாரு பேசினாங்க?"

"என் பொண்ணு. நாளைக்கு இங்க வர்றா."

"அப்போ அவங்களுக்கு எடம் வேணுமே," என்றார் அவர் கவலையோடு. எழுந்து, தன் துண்டின் இரண்டு முனையையும் பிடித்து, இந்தப் பக்கம் இழுத்து, நீவெஸின் துண்டுமேலேயே பாதி ஏறும்படி போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் ஆறு வரைக்கும் காலியாகக் கிடந்தது.

"இப்பப் போதும்," என்று சொல்லி, அவள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.